95-க்கும் 96-க்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பி

குஜிலியம்பாறை, பாளையம், எரியோடு, வேடசந்தூர் பக்கத்தில் போர்த் தண்ணீரை நம்பி வெள்ளாமை வைத்திருக்கும் அண்ணன்மார், தம்பிமார், மாமன் மச்சான்மார், ஆளில்லாமல் தோட்டத்தைத் தனியே பார்த்துக்கொள்ளும் அக்காமார் எல்லோருக்கும், மோட்டார் காயில் கட்டுகிறவன் எழுதிக்கொள்வது.

போன வாரம் பட்டறைக்கு ஒரு சப்மெர்சிபிள் மோட்டார் வந்தது. ஏழரை எச்.பி. 700 அடியிலிருந்து ஏற்றியது. 20 அடி பைப் கணக்கில் 35 பைப். அத்தனையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வரப்போரம் அடுக்கி, கேபிளைச் சுருட்டி, வண்டிக்கும் ஆளுக்கும் கூலி கொடுத்து என் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. மேலேயே கம்பி உறையைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தபோதே கதை முடிந்துவிட்டது என்று தெரியும். இருந்தாலும் ஏற்றித்தானே ஆக வேண்டும்.

மோட்டாரைக் கவிழ்த்ததும் உள்ளே இருந்த தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் கொட்டியது. எரிந்த பிளாஸ்டிக் வாடை. ஸ்டேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு காயில் கருகி, கம்பி உறை உருகி ஸ்லாட்டோடு ஒட்டிக் கிடந்தது. மீதி ஒரு பங்கு நேற்றுக் கட்டினது மாதிரி பளபளவென்று இருந்தது. ஸ்டாரில் கட்டிய மோட்டார் ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடினால் இப்படித்தான் சாகும். டெல்டாவில் கட்டியதென்றால் தலைகீழ்: ஒரு பங்கு கருகும், இரண்டு பங்கு தப்பிக்கும். மூன்று பங்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது வேறு நோய், நாள்பட்ட அதிகச் சுமை. வைத்தியர் நாடி பார்ப்பது போல எங்களுக்கு இது.

ஸ்டார்ட்டர் டப்பாவைப் பார்க்க நானே தோட்டத்துக்குப் போனேன். உள்ளே ஓவர்லோடு ரிலே இருந்தது. நல்ல ரிலே. மூன்று ஃபேசும் ஒழுங்காக அதன் வழியாகத்தான் போயின. 95, 96 என்று எண் போட்ட இரண்டு முனைகளுக்கு நடுவில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு செப்புக் கம்பி.

அந்த இரண்டு எண்ணுக்குள்தான் ரிலேயின் அதிகாரம் முழுக்க இருக்கிறது. மோட்டாருக்குப் போகிற கரண்டை ரிலே தானாக வெட்டாது. அதற்கு அந்த வலு கிடையாது. காண்டாக்டரை இழுத்துப் பிடித்திருக்கும் நோ வோல்ட் காயிலுக்குப் போகும் மெல்லிய கரண்டு 95-ல் நுழைந்து 96-ல் வெளியே வரும். மோட்டாருக்கு ஆபத்து என்று தெரிந்ததும் ரிலே அந்தப் பாதையைத் திறந்துவிடும். காயில் செத்துவிடும், காண்டாக்டர் டக்கென்று விடும், மோட்டார் நிற்கும். நடுவில் கம்பி போட்டுவிட்டால் ரிலே உள்ளுக்குள் ட்ரிப் அடித்தாலும் ஒன்றும் நடக்காது. மோட்டார் எரிந்த அன்றைக்கு அந்த ரிலே நிச்சயமாக ட்ரிப் அடித்திருக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கம்பியைப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த ரிலேக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கெட்டுப்போன ஒன்று பட்டறையில் கிடைத்தால் உடைத்துப் பாருங்கள், தப்பில்லை. உள்ளே மூன்று தகடுகள், ஃபேசுக்கு ஒன்று. ஒவ்வொரு தகட்டைச் சுற்றியும் பட்டைக் கம்பி சுற்றியிருக்கும். மோட்டாருக்குப் போகும் கரண்டு அதன் வழியாகப் போய் அதைச் சூடாக்கும். தகடு பார்க்க ஒன்று போலத் தெரியும், உண்மையில் இரண்டு உலோகத்தை ஒட்டி உருட்டியது. சூட்டில் ஒன்று அதிகம் நீளும், மற்றது அவ்வளவாக நீளாது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று எட்டி நடந்து மற்றது பின்தங்கினால் வண்டி என்ன ஆகும்? பின்தங்கின மாட்டுப் பக்கம் திரும்பும். தகடும் அப்படித்தான் வளைகிறது. வளைந்து ஒரு பிளாஸ்டிக் பட்டையைத் தள்ளுகிறது. பட்டை ஒரு விசையைத் தட்டுகிறது. 95-96 திறக்கிறது. அவ்வளவுதான் எந்திரம்.

இந்த இரட்டைத் தகடு இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் ஜான் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார், தொழிலால் தச்சர். கப்பலில் வெயிலிலும் குளிரிலும் நேரம் தவறாத கடிகாரம் செய்யப் புறப்பட்டு 1750-களில் இதைக் கண்டுபிடித்தார். சூட்டில் அவ்வளவாக நீளாத உலோகம் என்று நான் சொன்னேனே, இன்வார், அது 1896-ல் சார்ல் கியோம் கண்டது. நிக்கலும் இரும்பும் கலந்தது. அதற்காகவே அவருக்கு 1920-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் தோட்டத்துத் தகர டப்பாவுக்குள், பல்லி முட்டைக்கும் குளவிக் கூட்டுக்கும் நடுவில், இத்தனை பேருடைய மூளை இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மோட்டார் 700 அடி ஆழத்தில் இருட்டுக்குள் கிடக்கிறது. அதன் சூட்டைத் தொட்டுப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் அங்கே ஓடும் அதே கரண்டு மேலே டப்பாவுக்குள் இந்தத் தகட்டையும் சூடாக்குகிறது. கீழே இருப்பவன் காய்ந்தால் மேலே இருப்பவனும் காய்வான். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு இன்னொருவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி.

"ஃபீஸ் இருக்கே, அது பத்தாதா?" என்று கேட்பீர்கள். பத்தாது. மோட்டார் கிளம்பும்போது சில விநாடிகள் ஐந்து, ஆறு மடங்கு கரண்டு இழுக்கும். அதற்கெல்லாம் போகாத ஃபீஸைத்தான் போட்டிருப்போம். அந்த ஃபீஸுக்குக் கால்வாசி அதிகச் சுமை கண்ணிலேயே படாது. ரிலே முன்கோபம் இல்லாத ஆள். குறித்து வைத்த கரண்டுக்கு 5 சதவீதம் மேலே போனால் இரண்டு மணி நேரமானாலும் பொறுத்துக்கொள்ளும். 20 சதவீதம் மேலே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்திவிடும். ஒன்றரை மடங்கானால் நான்கு நிமிடம்கூடக் கொடுக்காது. பம்பில் மணல் அடைத்து மோட்டார் சுற்றாமல் நின்று 7.2 மடங்கு இழுத்தால் 10 விநாடிக்குள் முடித்துவிடும். 'கிளாஸ் 10' என்று ரிலேயில் அடித்திருப்பதற்கு அதுதான் அர்த்தம். சப்மெர்சிபிளுக்கு அதைத் தாண்டி மெதுவான ரிலே வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் பி.வி.சி. உறைக் கம்பி 70 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கிவிடும். வார்னிஷ் கம்பி கட்டிய மேல் மோட்டார் தாங்குகிற சூட்டை இது தாங்காது. எந்தக் கம்பியானாலும் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம்.

இனி என் கதை.

2005 ஐப்பசி. அதற்கு முந்தைய மூன்று நான்கு வருடம் தமிழ்நாடே காய்ந்து கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடம் கொட்டித் தீர்த்தது. நான் தொழில் கற்று முடித்துத் தனியாகக் கடை போட்ட புதிது. கரூர் ரோட்டுப் பக்கம் ஒரு அண்ணன், முருங்கையும் கொஞ்சம் சின்ன வெங்காயமும் வைத்திருந்தார். ராத்திரி ஏழு மணிக்கு டி.வி.எஸ். 50-ல் வந்து கடை வாசலில் நின்றார்.

"தம்பி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ட்ரிப் அடிக்குது. நாலு வருசமா வறண்ட போர்ல ஒரு தடவகூட அடிச்சதில்ல. இப்ப தண்ணி ததும்புது, இப்பப் போய் அடிக்குது. ரிலே செத்துப்போச்சு போல. ராத்திரி சேத்துல எவன் போய் பட்டன அமுக்குறது? அத எடுத்து விட்ரு."

எனக்கும் அது ரிலே கோளாறாகத்தான் பட்டது. தண்ணீர் இல்லாத காலத்தில் தடுமாறாத மோட்டார் தண்ணீர் இருக்கும்போது ஏன் தடுமாறப் போகிறது? கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர் கையில் இருந்தது. போட்டுப் பார்த்திருக்கலாம். மழை தூறிக்கொண்டிருந்தது, இருட்டு வேறு. ஒரு துண்டு வயரைச் சீவி 95-க்கும் 96-க்கும் நடுவில் முறுக்கிவிட்டு, "ஓட்டுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். காசுகூட வாங்கவில்லை. அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மோட்டார் எரிந்தது. ஏற்றிப் பார்த்தால் மூன்று பங்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தது.

திண்டுக்கல்லில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் சொன்னது: "கொரைக்கிற நாய கல்லால அடிச்சுத் தொரத்திட்டு, திருடனுக்கு வெளக்கும் புடிச்சிருக்க." அப்புறம்தான் விளக்கினார். போரில் தண்ணீர் மட்டம் கீழே கிடக்கும்போது பம்பு உயரமாக ஏற்ற வேண்டும், அதனால் வெளியே விழும் தண்ணீர் குறைவு. மழைக்குப் பிறகு மட்டம் 200, 300 அடி மேலே வந்துவிட்டால் ஏற்ற வேண்டிய உயரம் குறையும், விழுகிற தண்ணீர் கூடும். நம் பக்கத்து ஆழ்போர்ப் பம்புகளின் குணம், தண்ணீர் கூடக் கூட மோட்டாருக்குச் சுமையும் கூடும். ஏறுகிற உயரம் குறைந்ததால் வேலை லேசாகும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. வாய்க்காலில் தண்ணீர் பெருத்து விழுவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படும்போது கீழே மோட்டார் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. ராத்திரி வோல்டேஜும் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வந்தால், அதே வேலையைச் செய்ய மோட்டார் கிட்டத்தட்ட 20 சதவீதம் அதிகக் கரண்டு இழுக்கும்.

அதற்கு மருந்து என்ன தெரியுமா? டெலிவரியில் இருக்கும் கேட் வால்வை நாலு சுற்று மூடுவது. தண்ணீரைக் கொஞ்சம் அடக்கினால் கரண்டு இறங்கும். செலவு ஒரு பைசா இல்லை. இதைத்தான் அந்த ரிலே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அண்ணன் இன்றைக்கும் என்னைக் கடைவீதியில் பார்த்தால் டீ வாங்கித் தருகிறார். கம்பி போட்டது நான்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டுத்தான் போட்டேன் என்பதால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் காயிலை நான் சும்மாதான் கட்டிக் கொடுத்தேன். ஆனால் ஏற்றி இறக்கிய கூலியும், மோட்டார் இல்லாத பத்து நாளில் வாடிய வெங்காயமும் அவர் கணக்கில்தான் போயின.

இதில் நம் ஊர் வரலாறும் கொஞ்சம் விளையாடுகிறது. 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிக் கேட்ட போராட்டம் அது. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோயம்புத்தூரையே அடைத்து நின்றன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. உயிரைக் கொடுத்து வாங்கியது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. மீட்டர் போனது, பில் போனது, அதோடு சேர்ந்து கரண்டு எவ்வளவு போகிறது என்று பார்க்கும் பழக்கமும் போனது. வேடசந்தூர் ரோட்டில் இருக்கும் நூல் மில்லுக்குப் போய்ப் பாருங்கள். எலெக்ட்ரீசியன் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஆம்பியரை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அங்கே ரிலே ட்ரிப் அடித்தால் முதல் கேள்வி "ஏன் அடிச்சுது?" நம் தோட்டத்தில் முதல் கேள்வி "எப்படி எடுத்துவிடறது?" கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்தது 1937-ல். செய்யத் தெரிந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். பார்த்துக்கொள்ளத்தான் இன்னும் பழகவில்லை.

ஒரு ஃபேஸ் போகிற விஷயத்துக்கு வருகிறேன். போன வார மோட்டாரைக் கொன்றது அதுதான். டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபீஸ் போகும், ஜம்பர் அறுந்து தொங்கும், இல்லையென்றால் நம் டப்பாவிலேயே ஒரு முனை லூசாகிக் கருகும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு ஃபேஸ் போனால் நிற்காது. மிச்சமிருக்கும் இரண்டில் ஏறக்குறைய 1.73 மடங்கு கரண்டு இழுத்துக்கொண்டு ஓடும். 15 ஆம்பியர் இழுத்தது 26-க்குப் போகும். ரிலேயைச் சரியாகக் குறித்து, கம்பி போடாமல் விட்டிருந்தால் சில நிமிடத்தில் நிறுத்தியிருக்கும். நிற்கிற மோட்டாருக்கு இரண்டு ஃபேஸ் மட்டும் வந்தால் அது கிளம்பவே கிளம்பாது, உறுமும். அந்த உறுமலில் ஒரு நிமிடம் விட்டால் போதும்.

பச்சைப் பட்டனைச் சைக்கிள் டியூப் ரப்பர் போட்டுக் கட்டுகிறோமே, கரண்டு வந்ததும் தானாகக் கிளம்பட்டும் என்று, அங்கேதான் வினை. ரப்பர் கட்டினால் ரிலே செத்துவிடாது, அதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கரண்டு எப்படி வந்தாலும், ஒரு ஃபேஸ் குறைந்து வந்தாலும், அரை வோல்டேஜில் வந்தாலும், மோட்டார் கிளம்பப் பார்க்கும். அந்த நேரத்தில் அதைக் காப்பாற்ற ரிலே ஒன்றுதான் இருக்கிறது. ரப்பரும் கட்டி, 95-96-ல் கம்பியும் போட்டிருந்தால் மோட்டாரை அங்காள பரமேஸ்வரிதான் காப்பாற்ற வேண்டும்.

சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன் என்று சிலர் சொல்வீர்கள். நல்லது. வாங்கும்போது ஒன்று கேளுங்கள், அது வோல்டேஜைப் பார்த்து வேலை செய்கிறதா, கரண்டைப் பார்த்தா என்று. ஓடுகிற மோட்டார் போன ஃபேசிலும் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். வோல்டேஜ் மட்டும் பார்க்கிற மலிவு பிரிவென்டர் அதைப் பார்த்து ஏமாந்து, மூன்றும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். கரண்டைப் பார்க்கிறது ஏமாறாது.

கன்டன்சர் விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மும்முனை நேரம் முடிந்து இருமுனை ஆனதும் சுவிட்சைத் திருப்பி, கன்டன்சரில் மூன்றாவது ஃபேசை உண்டாக்கி ஓட்டாத தோட்டம் நம் பக்கத்தில் எத்தனை? மின்வாரியம் கூடாது என்கிறது. வெயிலில் பயிர் வாடும்போது அந்தப் பேச்சு காதில் ஏறாது, எனக்கும் புரிகிறது. தொழில்காரனாகச் சொல்கிறேன்: கன்டன்சரில் மூன்று காயிலுக்கும் சமமாகக் கரண்டு போகாது. ஒரு காயில் எப்போதும் மற்றதைவிடச் சூடாக ஓடும். வோல்டேஜில் 3.5 சதவீதம் ஏற்றத்தாழ்வு இருந்தாலே சூடு ஏறக்குறைய 25 சதவீதம் கூடும் என்பது கணக்கு. கன்டன்சரில் இருக்கிற ஏற்றத்தாழ்வு அதைவிடப் பெரிது. அதனால் ரிலே அடிக்கும். அடிப்பதால் கம்பி போடுவோம். அப்புறம் மும்முனை வந்த பிறகும் அந்தக் கம்பியை எடுக்க மறந்துவிடுவோம். 95-96-ல் நான் பார்த்த கம்பிகளில் பாதிக்கு மேல் இப்படிப் பிறந்தவைதான்.

பத்து எச்.பி.யும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். உங்கள் போருக்குள் இரண்டு கேபிள் இறங்குகிறதென்றால் அது ஸ்டார்-டெல்டா. அந்த ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் மெயின் லைனில் இருக்காது, டெல்டாவுக்குள் இருக்கும். அங்கே லைன் கரண்டில் 58 சதவீதம்தான் ஓடும். மோட்டார் பிளேட்டில் 20 ஆம்பியர் என்று போட்டிருந்தால் ரிலேயில் 11.6 வைக்க வேண்டும். நான் திறந்து பார்த்த டப்பாக்களில் 20-லேயே திருகி வைத்திருப்பார்கள், பிளேட்டில் போட்டதுதானே என்று. அப்படி வைத்தால் லைனில் 34 ஆம்பியர் போகிற வரைக்கும் ரிலே வாயைத் திறக்காது. கம்பி போடாமலே கம்பி போட்ட மாதிரிதான். இதில் தப்பு விவசாயியுடையது அல்ல, மாட்டிக் கொடுத்தவனுடையது.

அப்புறம் இன்னொன்று, காதோடு காதாக. இணைப்பு 5 எச்.பி.க்கு இருக்கும், போருக்குள் இறங்கியிருப்பது ஏழரையாக இருக்கும். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. டப்பாவில் இருப்பது மட்டும் பழைய 5 எச்.பி. ரிலே. அதன் திருகு மேல் எல்லையில் முட்டி நின்றும் அடிக்கிறது, ரிலே சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறீர்கள். எட்டாம் நம்பர் செருப்பை ஆறாம் நம்பர் பெட்டிக்குள் திணிக்கிற கதை.

ரிலே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் மோட்டாரைக் கொல்லும் இன்னொரு எமன் அதன் கண்ணில் படவே படாது. போரில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றுகிறதே, ட்ரை ரன், அதைச் சொல்கிறேன். தண்ணீர் இல்லாத பம்புக்குச் சுமை இல்லை, கரண்டு இறங்கிவிடும். ரிலேயின் தகடு ஜில்லென்று நிம்மதியாக இருக்கும். கீழே மோட்டாரோ தன்னை உரசிக்கொண்டு ஓடும் தண்ணீரால்தான் ஆறுகிறது. அந்த ஓட்டம் நின்றால் கரண்டு குறைவாக இருந்தாலும் வெந்துபோகும், த்ரஸ்ட் பேரிங் முதலில் போகும். மேலே சொன்ன இரட்டைப் பிள்ளைக் கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் என் பட்டறைக்கு வருகிற மோட்டார்களில் இந்த ரகம் நிறைய. இதற்குக் கரண்டு குறைந்தால் நிறுத்தும் ட்ரை ரன் பிரிவென்டர் தனியாக வேண்டும். புதுப் பேனல் போர்டுகளில் சேர்ந்தே வருகிறது. ஆனால் அதை 'ஆன்' செய்து, நம் போருக்கு ஏற்றபடி குறித்துக் கொடுக்கிறவர்கள் குறைவு.

மொபைல் ஸ்டார்ட்டர் வந்த பிறகு ஒரு புதுப் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. ரிலேயில் ஒரு சின்னத் திருகு இருக்கும், 'எம்' என்றும் 'ஏ' என்றும் இரண்டு நிலை. 'எம்' என்றால் ட்ரிப் ஆன பிறகு கையால் அழுத்தினால்தான் மறுபடி சேரும். 'ஏ' என்றால் ஆறினதும் தானே சேர்ந்துகொள்ளும். வீட்டிலிருந்தே போனில் போடலாம் என்பதற்காக 'ஏ'-வில் வைத்துவிடுகிறார்கள். தகடு இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும், மோட்டார் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அடிக்கும், சேரும், கிளம்பும், அடிக்கும். ஒவ்வொரு கிளம்பலிலும் ஐந்தாறு மடங்கு கரண்டு, ஏற்கெனவே காய்ந்த காயில்மேல். கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு மூன்றாவது தடவையாக போனில் நம்பரை அழுத்தும்போது 700 அடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் திருகை 'எம்'-க்குத் திருப்புங்கள். போய்ப் பார்க்கிற அலுப்பு மோட்டார் ஏற்றுகிற அலுப்பைவிடச் சின்னது.

காயில் போனால் எனக்குத்தானே வருமானம், இவன் ஏன் இதையெல்லாம் எழுதுகிறான் என்று சிலருக்குத் தோன்றும். செம்பு விற்கிற விலைக்கு இப்போது ஒரு மோட்டார் கட்டினால் கையில் நிற்பது கொஞ்சம்தான். பாதிப் பேர் வெள்ளாமை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மோட்டார் எரிந்ததாலேயே வெள்ளாமை போனவரிடம் நான் எந்த முகத்தோடு பாக்கி கேட்பது?

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். இந்த வாரம் உங்கள் எலெக்ட்ரீசியனைத் தோட்டத்துக்குக் கூப்பிடுங்கள். மெயினை அணைத்துவிட்டுத்தான் அவர் டப்பாவைத் திறக்க வேண்டும். 95-96-ல் கம்பி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். போட்டது அவராகவே இருந்தாலும் சண்டை வேண்டாம், நானும் போட்டவன்தான். பிறகு மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு மூன்று ஃபேசிலும் டாங் டெஸ்டர் போட்டு ஆம்பியரைப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் பிளேட்டில் இருக்கும் கரண்டைத் தாண்டாமல், ரிலே டெல்டாவுக்குள் இருந்தால் அதில் 58 சதவீதத்தைத் தாண்டாமல், ரிலேயைக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று ஆம்பியரையும் வோல்டேஜையும் தேதியையும் ஒரு அட்டையில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை ட்ரிப் அடித்தால் புதுக் கணக்கை அந்த அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். பென்சிலில் எழுதுங்கள். தகர டப்பாச் சூட்டில் பேனா மை ஒரு கோடைக்குள் மங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
காயில் கட்டுகிறவன்,
குஜிலியம்பாறை